கோட்டு மாட்டிய நாற்காலி

1

பதினோரு மாதம் நான் ஒரு நாற்காலிக்குக் கீழே வேலை பார்த்தேன். அடியில் படுத்துக்கொண்டு அல்ல. அந்த நாற்காலிதான் எனக்கு மேனேஜர். முப்பதாயிரம் பேர் வேலை பார்த்த சாப்ட்வேர் கம்பெனியில், அந்த ஆண்டின் மிகச் சிறந்த மேனேஜர் விருதும் அதற்குத்தான் கிடைத்தது. அதன் சார்பில் மேடையேறி வாங்கியவன் நான். பத்து நிமிடம் கை தட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் அழுதார்கள்.

[பென்சிலில்: யாரும் அழுதிருக்க மாட்டார்கள். நாற்காலி விஷயம் முழுப் பொய். அதைக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.]

சரி, யாரும் அழவில்லை. கைதட்டலும் அரை நிமிடம்தான்.

பென்சில் யாருடையது என்று சொல்லிவிடுகிறேன். என் சம்பந்தியம்மாவுடையது, அதாவது என் மகளின் மாமியார். அவர் இருபத்தாறு வருடம் அதே கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் இருந்தவர். நான் ஒரு கட்டடம், அவர் ஒரு கட்டடம். நடுவில் ஐந்நூறு கார்கள் நிற்கும் மைதானம். வேலையில் இருந்தவரைக்கும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான் "நீங்களும் அங்கதானா" என்று இருவரும் வாயைப் பிளந்தோம்.

இந்தக் கதை பிறந்த இடம் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், குடும்பம் மொத்தமும் உட்கார்ந்திருக்க, நாற்காலிக் கதையை எடுத்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மா மட்டும் கரண்டியைக் கீழே வைத்தார்.

"சம்பந்தி, நீங்க எதைச் சொன்னாலும் பாதியைக் கழிச்சிட்டு மீதியை நம்புவேன். இதுல கழிக்கவே ஒண்ணும் இல்லை, முழுசும் போயிடுது. மேனேஜர் இல்லாத டீம் எங்க சிஸ்டத்துல இருக்கவே முடியாது. அந்தக் கட்டம் காலியா இருந்தா ஃபார்ம் அடுத்த பக்கத்துக்கே போகாது. நான் பண்ணின ஃபார்ம் அது."

"கட்டம் காலியா இல்லை சம்பந்தியம்மா. நாற்காலிதான் காலி."

"எழுதிக் குடுங்க. பொய் இருக்கற இடத்துல எல்லாம் நான் குறிக்கிறேன்."

"ஒத்துக்கறேன். குறிச்சது போக மிச்சம் ஏதாவது நின்னா, கடைசிப் பக்கத்துல உங்க கையால 'நடந்தது'ன்னு ஒரு வார்த்தை எழுதணும்."

என் மனைவி மோர்க் கிண்ணத்தை நகர்த்திவைத்தபடி, "எழுதட்டும் சம்பந்தி. கை வேலையா இருந்தா வாய் கொஞ்ச நேரம் சும்மா இருக்கும்" என்றாள்.

(இந்தக் கதை பிறந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை மறைத்து வைத்துக் கடைசியில் எடுத்துக்காட்டுவது என் போன்ற கிழவர்களின் வழக்கம். இந்த முறை அதைச் செய்யப்போவதில்லை. அந்த ஞாயிற்றுக்கு மூன்று வாரம் முன்னால் எனக்கு ஒரு போன் வந்தது. எங்கள் குழுவில் இருந்த ஒரு பெண். நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் அலாரம். அந்த நாற்காலி அவளை வேலையைவிட்டு அனுப்பியது.

"உங்களைத் திட்டறதுக்குக் கூப்பிடலை. என் பொண்ணு இப்ப வேலைக்குச் சேர்ந்திருக்கா. 'உன்னை ஏம்மா அங்கேருந்து அனுப்பினாங்க'ன்னு கேட்டா. உள்ளதைச் சொன்னேன். நம்பற மாதிரி தலையை ஆட்டினா. அந்தத் தலையாட்டல்தான் தாங்க முடியலை. கம்பெனிப் பக்கத்துலேருந்து யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், 'ஆமா, இது நடந்தது'ன்னு சொன்னா போதும்."

எனக்குத் தெரிந்த கம்பெனிப் பக்கத்து ஆள் ஒருவர்தான். அவர் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறார்.)

2

தொடக்கங்கள், எழுதிக் கைவிட்டவை:

'அது ஒரு திங்கட்கிழமை. வெளியே மழை' என்று ஒன்று. மழை பெய்ததா என்பது எனக்குத் தெரியவே தெரியாது. எங்கள் மாடியில் ஜன்னல் கிடையாது. புயலே வந்தாலும் எங்களுக்கு மெயிலில்தான் தெரியும்.

'நிர்வாகம் என்பது யாதெனில்' என்று இன்னொன்று. தோளுக்குப் பின்னால் நின்று படித்த என் மனைவி, "இது கதையா, லீவு லெட்டரா?" என்றாள். கிழித்துவிட்டேன்.

'கையில் அட்டைப்பெட்டியோடு அவள் அந்த நாற்காலிக்கு எதிரே வந்து'

இது நல்ல தொடக்கம்தான். எழுதும்போதே கை நின்றுபோனதால் பாதியில் கிடக்கிறது. கிடக்கட்டும். போகிற வழியில் எடுத்துக்கொள்கிறேன்.

3

எங்கள் மேனேஜருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் 'அப்புறம் சார்'. எதைக் கேட்டாலும் "அப்புறம் பாக்கலாம்" என்பார். லீவு கேட்டால் அப்புறம். சர்வர் விழப்போகிறது என்றால் அப்புறம். ஒருமுறை தீ எச்சரிக்கை மணி அடித்தபோதுகூட அவர் கையை உயர்த்தி

[பென்சிலில்: வேண்டாம்.]

வேண்டாமென்றால் வேண்டாம். கெட்டவர் இல்லை அவர். பயந்தவர். ஒன்றுக்கு 'சரி' என்று சொல்லிவிட்டால் அது தன் பேரில் நின்றுவிடுமே என்ற பயம். அதற்குப் பதிலாக மீட்டிங் போடுவார். காலையில் இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு மீட்டிங். மதியம் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று ஒன்று. மாலையில் ஏன் செய்யவில்லை என்று ஒன்று. மூன்றாவதுக்கு எங்களிடம் எப்போதும் நல்ல பதில் இருந்தது: முதல் இரண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை அவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். முறைப்படி ராஜினாமாக் கடிதத்தை சிஸ்டத்தில் போட்டார். சிஸ்டம் அதை அவருக்கு மேலே இருந்தவரின் ஒப்புதலுக்கு அனுப்பியது. மேலே இருந்தவரின் பதவியையே அதற்கு முந்தின வாரம் 'மறுசீரமைப்பு' என்று எடுத்துவிட்டிருந்தார்கள். கடிதம் ஆளில்லாத வீட்டு வாசலில் போய் நின்றது. இன்றைக்கும் அங்கேயே நின்றுகொண்டிருக்கும். அவரோ ஒரு மாதம் பார்த்தார், யாரும் ஏன் என்று கேட்கவில்லை, கிளம்பிவிட்டார். பை, செருப்பு, குடும்பப் படம் எல்லாம் ஞாபகமாக எடுத்துப்போனவர் கோட்டை மறந்துவிட்டார்.

சாம்பல் நிறக் கோட்டு. நாற்காலியின் முதுகில் தோள் விரித்து மாட்டியிருந்தது. மேசைமேல் பாதித் தண்ணீரோடு ஒரு பிளாஸ்டிக் பாட்டில்.

திங்கட்கிழமை, எங்கள் பிரிவின் பெரிய தலை அந்த வழியாக வந்தார். மேல்மாடியில் இருப்பதால் அவர் எங்களுக்கு மாடிக்காரர். கோட்டைப் பார்த்தார், பாட்டிலைப் பார்த்தார்.

"சார் மீட்டிங்கா?"

"இருக்கும் சார்," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. 'இருக்கும்' என்பது பொய்யா? அந்த மனிதர் அந்த நிமிடம் புதுக் கம்பெனியில் ஏதோ ஒரு மீட்டிங்கில் இருந்திருக்கத்தான் வேண்டும்.

எங்கள் கம்பெனியில் ஒரு விதி இருந்தது. மேனேஜர் எதற்காவது மூன்று நாளில் பதில் சொல்லாவிட்டால், அவர் சம்மதித்ததாக சிஸ்டமே எடுத்துக்கொள்ளும். அப்புறம் சார் மூன்றாம் நாள் மாலை தவறாமல் 'அப்புறம்' என்று பதில் போட்டு எண்ணிக்கையை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவைப்பார். இப்போது அப்படிப் போட ஆளில்லை. நாங்கள் கேட்டதெல்லாம் நான்காம் நாள் காலை கிடைத்தது. இரண்டு வருடமாகக் கெஞ்சிய புதுச் சர்வர் வந்தது. மீட்டிங் மூன்றும் ஒழிந்தன. எங்கள் வேலை பத்து மடங்கு பெருகியது.

[பென்சிலில்: இரண்டு மடங்கு.]

இரண்டு மடங்கு. அதுவே எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதர் இல்லாமல் போனதாலேயே ஏழு பேர் பதினான்கு பேரானோம்.

4

"இந்த வாரம் தண்ணி யாரு?"

திங்கட்கிழமை காலை எங்கள் குழுவில் கேட்கும் முதல் கேள்வி இதுதான். வெள்ளைப் பலகையின் மூலையில் பட்டியல் போட்டு, மேலே 'நீர் மேலாண்மை' என்று தலைப்பிட்டிருந்தோம். முறை வருகிறவர் காலையில் பாட்டிலை நிரப்ப வேண்டும், மதியம் கால்பங்கு குறைக்க வேண்டும், மாலையில் முக்கால்வாசி. கோட்டைத் திங்கள் இடதுபக்கமும் புதன் வலதுபக்கமும் சற்றுச் சாய்க்க வேண்டும். பேனா மூடி திறந்திருக்க வேண்டும். கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் போகிறவர்களுக்கு, இப்போதுதான் எழுந்து போனார் என்று தோன்ற வேண்டும்.

நேரில் பார்த்துத்தான் ஆக வேண்டும் என்று பதினோரு மாதத்தில் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு இன்றைக்கும் மூச்சடைப்பது இதை நினைத்தால்தான். நாங்கள் அத்தனை கெட்டிக்காரர்கள் இல்லை. யாருக்கும் அவர் தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

மேசைமேல் ஒரு போன் இருந்தது. பக்கத்து மேசை என்னுடையது, எடுப்பது நான். "சார் மீட்டிங்ல இருக்காரு" என்பதை ஐந்து வெவ்வேறு குரலில் சொல்வேன்.

[பென்சிலில்: ஐந்தா?]

ஒன்றுதான். என் சொந்தக் குரல்.

5

அலாரத்தை எழுத வரவில்லை எனக்கு. நான்கு தடவை எழுதி அடித்தேன்.

முதல் தடவை அவளைச் சாதுவாக்கினேன். சாதுவே இல்லை அவள்; என் கோடிங்கைப் பார்த்துவிட்டு, "இதை எழுதும்போது தூக்கமா சார்?" என்று கேட்டவள். இரண்டாம் தடவை வீராங்கனை ஆக்கினேன். கதையில் மேடை போட்டுக் கொடியேற்றியதுபோல் ஆகிவிட்டது. மூன்றாம் தடவை அவள் கண்ணைப் பற்றி எழுதினேன். மனைவி படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனாள். உடனே அடித்தேன்.

அவள் வேலையைச் சொன்னால் போதும் என்று இப்போது தோன்றுகிறது. எங்கள் சாப்ட்வேர் எங்கே பழுதாகும் என்று பழுதாவதற்கு முன்பே மோப்பம் பிடிப்பது அவள் வேலை. சர்வரில் சின்னச் சூடு ஏறினாலும் அவள் போனில் மணி அடிக்கும். எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டு வருவாள். நாங்கள் ஆறு பேரும் உடைந்ததை ஒட்டுகிறவர்கள். ஒவ்வொரு ஒட்டும் சிஸ்டத்தில் எங்கள் பேரில் ஒரு எண்ணாக ஏறும். அவள் உடையவிடாமல் பார்த்துக்கொள்கிறவள். உடையாததை எண்ணுவதற்கு சிஸ்டத்தில் இடமே கிடையாது.

தண்ணீர் முறையில் சேராதவளும் அவள் ஒருத்திதான்.

"ஆள் போயாச்சுன்னு சொல்லிடலாம் சார். இப்ப சிரிப்பா இருக்கு. ஆனா நமக்காக ஒருத்தர் பேச வேண்டிய வேளை ஒண்ணு வரும். அன்னைக்கு அந்தக் கோட்டா பேசும்?"

"நாலு மாசம் பொறும்மா. இந்த வேலை முடியட்டும். புதுசா ஒருத்தர் வந்தா மறுபடி மூணு மீட்டிங்."

மற்ற ஐந்து பேரும் என்னைப் பார்த்தார்கள். குழுவில் மூத்தவன் நான். அவளும் என்னைப் பார்த்தாள்.

"நீங்க சொல்றதால," என்றாள்.

(நாலு மாதம் பதினோரு மாதம் ஆனது. ஒவ்வொரு முறையும் நான்தான் இன்னும் கொஞ்சம் என்றேன். வேலைக்காக என்று எழுதியிருக்கிறேனே, அது சரியில்லை. எனக்கு அந்த விளையாட்டு அவ்வளவு பிடித்திருந்தது.)

6

விருது. இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெருக்கினால் பென்சில் வரும்.

கெடுவுக்கு முன்பே வேலையை முடித்த ஒரே குழு எங்களுடையது. மேடையில் அப்புறம் சாரின் பெயரைக் கூப்பிட்டார்கள். அரங்கமே திரும்பிப் பார்த்தது. என் கால்கள் தாமாக எழுந்தன. மேடையேறி, மைக்கில், "சார் ஒரு முக்கியமான மீட்டிங்கில் இருக்கிறார்" என்றேன்.

மாடிக்காரர் என் தோளில் கைபோட்டு அரங்கத்தைப் பார்த்துச் சொன்னார்:

"பாத்தீங்களா? விருது வாங்கக்கூட வரலை. இதுக்குப் பேர்தான் லீடர்ஷிப்."

அந்தக் கண்ணாடிக் கோப்பையைக் கொண்டுவந்து பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம். சிரித்துச் சிரித்து ஒருவனுக்கு விக்கல் பிடித்து, அந்த பாட்டில் தண்ணீரையே எடுத்துக் குடித்தான். அன்றைக்கு மதியக் கணக்கு சரியாக வந்துவிட்டது.

7

ஏழு பேரும் படித்தவர்கள். லட்சக்கணக்கான வரிகளில் ஒரு புள்ளி தவறினாலும் கண்டுபிடிக்கிறவர்கள். ஆனால் ஒன்றை மறந்தோம்.

வருடக் கடைசியில் ஒவ்வொரு மேனேஜரும் தன் ஆட்களை வரிசைப்படுத்த வேண்டும். ஏழு பேர் என்றால் ஒருவர் கட்டாயம் கடைசி. ஏழு பேரும் விருது வாங்கியிருந்தாலும் ஒருவர் கடைசி. கடைசி ஆள் வெளியே.

நாற்காலியும் வரிசைப்படுத்த வேண்டும். அது எங்கள் யார் மூளையிலும் உறைக்கவில்லை.

விருது வாங்கிய எட்டாம் நாள், காலை பதினொரு மணிக்கு, அலாரத்துக்கு மெயில் வந்தது. அவள் அதைச் சத்தமாக வாசித்தாள். குரல் கொஞ்சமும் மாறவில்லை.

"'உங்கள் மேனேஜர் உங்கள் பணியைக் கவனமாகப் பரிசீலித்து, உங்களுடன் விரிவாகக் கலந்துபேசிய பின்'"

அங்கேயே நிறுத்தினாள். யாரும் சிரிக்கவில்லை. நான் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தேன். பக்கத்து மேசைக்காரன் விசைப்பலகைமேல் விரல்களை அப்படியே வைத்திருந்தான். திரையில் ஒரே எழுத்து வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தது.

இருபது நிமிடம் கொடுத்தார்கள். காவலர் ஒருவர் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார். அவள் ஒரு குடை, இரண்டு நோட்டு, மகள் வரைந்த ஒரு யானைப் படம் ஆகியவற்றை அதில் போட்டாள். கையில் அட்டைப்பெட்டியோடு அவள் அந்த நாற்காலிக்கு எதிரே வந்து நின்றாள். (பாதியில் விட்ட வாக்கியம். எடுத்துக்கொண்டேன்.)

"சார், ஒரு நிமிஷம் பேசலாமா?"

கோட்டு இடதுபக்கம் சாய்ந்திருந்தது.

"பதினோரு மாசத்துல உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்லை. ஒண்ணே ஒண்ணு. என்னோட விரிவா என்ன பேசினீங்க?"

காத்திருந்தாள். உண்மையிலேயே காத்திருந்தாள். காவலர் நாற்காலியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு ஏனோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அவள் பெட்டியை மேசைமேல் வைத்தாள். பாட்டிலைத் திறந்து, மூச்சுவிடாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தாள். காலி பாட்டிலை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு யார் முறை? நிரப்பிடுங்க."

8

இந்த இடத்தில் ஒன்றைக் கவனித்தேன். நான் எழுதிக் கொடுத்த பக்கங்கள் ஞாயிறுதோறும் திரும்பி வருகின்றன. ஐந்தாம் பகுதியிலிருந்து பென்சில் குறிப்பு ஒன்றுமே இல்லை. ஆறாவதில் விக்கல் பொய், அதைக்கூட விட்டுவிட்டார். ஏழாவதில் ஓரிடத்தில் ஒரு கரும்புள்ளி மட்டும். பென்சிலை ஊன்றி வெகுநேரம் வைத்திருந்தால் விழுகிற புள்ளி.

"என்ன சம்பந்தியம்மா, குறிக்க ஒண்ணுமில்லையா?"

"மேல எழுதுங்க."

மேலே எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி. காலி நாற்காலி ஒரு ஆளை எப்படிக் கடைசி என்று சொல்லும்? நிறுத்தி யோசித்த வாசகர்கள் இதைக் கேட்டிருப்பீர்கள். பதில் எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்த விதியை சாப்ட்வேரில் எழுதியவன் நான்.

ஆமாம். மூன்று நாள் பேசாவிட்டால் சம்மதம் என்ற அந்த விதி, லீவு விண்ணப்பங்களுக்காகப் பல வருடம் முன்பு நான் எழுதிக் கொடுத்தது. பிறகு அதை ஆட்களை வரிசைப்படுத்துவதற்கும் நீட்டச் சொன்னார் மாடிக்காரர்.

"சார், மேனேஜர் வரிசையே போடலைன்னா என்ன பண்றது?"

"அந்த வேளையில போய் எந்த மேனேஜர் சும்மா இருப்பான்? ஏதாவது ஒண்ணை எழுதி வை."

ஏதாவது ஒன்றை எழுதிவைத்தேன். மேனேஜர் பேசாவிட்டால், அந்த வருடம் மிகக் குறைவான பழுதுகளை ஒட்டியவர் கடைசி. ஒரே வரி. எழுதும்போது டீ குடித்துக்கொண்டிருந்தேன். சின்னதாக, அழகாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டதும் நினைவிருக்கிறது.

இந்தக் கதையைவிட அந்த ஒரு வரிதான் நான் எழுதியவற்றிலேயே அதிகம் வேலை செய்தது.

9

முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவு: அலாரம் வழக்குப் போடுகிறாள். நாற்காலியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறார்கள். நீதிபதி அதனிடம் மூன்று கேள்வி கேட்கிறார். மூன்று நாள் பதில் வராததால், நாற்காலி குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இதை ஒரு ஞாயிறு மேசையில் வாயால் சொன்னபோது என் மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். சம்பந்தியம்மா சிரிக்கவில்லை.

இரண்டாம் முடிவு: அப்புறம் சார் கோட்டை எடுக்கத் திரும்பி வருகிறார். நடந்ததைச் சொல்கிறோம். தலையைச் சொறிந்து, "இதை அப்புறம்" என்று

இல்லை. இதுவும் விளையாட்டுத்தான்.

மூன்றாம் முடிவு: அவள் பாட்டிலை வைத்த அந்த நொடியில் நான் எழுகிறேன். நேரே மேல்மாடிக்குப் போகிறேன். "அந்த நாற்காலியில யாரும் இல்லை சார். பதினோரு மாசமா இல்லை" என்கிறேன். இதை ஒன்பது விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்பதும் நன்றாக வந்தன. ஒன்றில் லிஃப்ட் வேலை செய்யாமல் மாடிப்படியில் ஓடுகிறேன். அது படிப்பவர் நெஞ்சை அடைக்கும். அறுபத்தெட்டு வயதில் எனக்கு எவ்வளவு நன்றாக ஓட வருகிறது பாருங்கள்.

அன்றைக்கு நான் ஓடவில்லை. அவள் போனாள். கண்ணாடிக் கதவு சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரம் கழித்து, எழுந்து போய், பாட்டிலை நிரப்பி வைத்தேன். அந்த வாரம் என் முறை.

மூன்று வாரத்தில் இன்னொரு மறுசீரமைப்பு வந்தது. வேறொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "இது யாரோட கோட்டு?" என்று கேட்டார். ஆறு பேரும் அவரவர் திரையைப் பார்த்தோம். தூக்கிப் போட்டுவிட்டார்.

அலாரம் அதன்பின் போன இடங்களில் எல்லாம், 'முந்தைய வேலையை விட்டதற்குக் காரணம்' என்ற கட்டத்தில் 'வேலைத்திறன் போதாமை' என்றே எழுதினாள். ஒரே ஒரு நேர்காணலில் மட்டும் உண்மையைச் சொல்லிப் பார்த்தாளாம். எதிரில் இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தண்ணீர் குடித்தார்களாம். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை. பதினான்கு வருடம் கழித்து மகள் கேட்கும்வரை.

10

முடிவை வாசகர்கள் கையில் விட்டுவிட்டு நழுவுவது எழுதுகிறவர்களின் சோம்பேறித்தனம் என்று நான் பல மேசைகளில் பேசியிருக்கிறேன். இப்போது அதையே செய்யப்போகிறேன். என்ன, எனக்கு வாசகர் என்று இருப்பது ஒருவர்தான்.

போன ஞாயிறு, ஒன்பதுவரைக்கும் எழுதியதைக் கொடுத்தேன். சாப்பாடு முடிந்து பேத்தி தூங்கிவிட்டாள். சம்பந்தியம்மா மேசையிலேயே உட்கார்ந்து படித்தார். ஒருமுறை முடித்து, மறுபடி நான்காம் பகுதிக்குப் போனார். போன் எடுத்தேன் என்று எழுதியிருக்கிறேனே, அந்தப் பக்கம். அங்கேயே இருந்தார்.

"சம்பந்தி, இது உங்க சொந்தக் குரல்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா. அஞ்சுன்னு சொன்னது சும்மா."

"இன்னொரு தடவை சொல்லுங்க. எப்படிச் சொன்னீங்களோ அப்படியே."

எனக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஆபீஸ் குரலில், "சார் மீட்டிங்ல இருக்காரு மேடம்" என்றேன்.

அவர் முகம் போன போக்கை என்னால் எழுத முடியாது. பெருக்க முடியாது என்று சொல்கிறேன். இது என் வாழ்க்கையில் முதல் தடவை. என் மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு சம்பந்தி?" என்று ஓடி வந்தாள்.

சம்பந்தியம்மா என்னிடம் கை நீட்டி, "ஒரு வெள்ளைத் தாள் குடுங்க" என்றார். பென்சிலை வைத்துவிட்டு, என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டார்.

கீழே இருப்பது அவர் எழுதியது. ஓர் எழுத்தும் நான் தொடவில்லை.

•

சம்பந்தி, நான் உங்கள் கதையைப் பொய் என்று சொன்னது, அது பொய்யாக இருக்க வேண்டும் என்பதற்காக.

அந்த வருடம் வரிசைப் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை என்னிடம் இருந்தது. நானூறு குழுக்கள். மாலைக்குள் முடிக்கச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு மேனேஜர் பெயருக்கு எதிரிலும் அவர் கடைசியாக சிஸ்டத்துக்குள் வந்த தேதி இருக்கும். ஒரு பெயருக்கு எதிரில் பதினோரு மாதத்துக்கு முந்தைய தேதி இருந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தேன். அதே தேதி.

அவர் மேசைக்குப் போன் செய்தேன். ஓர் ஆண் குரல், மீட்டிங்கில் இருக்கிறார் என்றது. இந்த ஏழு பேர் பட்டியலை அவர் பார்த்துவிட்டாரா, அது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும் என்றேன். அந்தக் குரல் சிரித்த மாதிரி இருந்தது. "அதெல்லாம் சார் நல்லாப் பாத்துட்டாரு மேடம்" என்று சொன்னது.

நான் நம்பவில்லை. தேதி கண் முன்னால் இருந்தது. நேரில் வந்து பார்க்க வேண்டுமானால் அந்த மைதானத்தைக் கடந்து வர வேண்டும். எட்டு நிமிட நடை. மணி நாலே முக்கால். 'சரிபார்க்கப்பட்டது' என்று அழுத்தினேன். பிறகு மற்ற குழுக்களுக்குப் போய்விட்டேன்.

உங்களுக்கு அந்த போன் நினைவில்லை என்பது இந்தப் பக்கங்களிலிருந்து தெரிகிறது. எனக்கு நினைவிருந்தது. குரல் யாருடையது என்பதுதான் இன்றுவரை தெரியாது. எத்தனையோ ஞாயிறு அந்தக் குரலுக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன்.

அந்தப் பெண்ணின் எண்ணைக் கொடுங்கள். நானே பேசுகிறேன். பேசும்போது அவள் மகளும் பக்கத்தில் இருக்கட்டும். நீங்களும் இங்கே என் பக்கத்தில் உட்காருங்கள்.

நடந்தது.